30×40 வீட்டு கராஜில் டூ போஸ்ட் லிஃப்ட் வைக்கலாமா? பீம், சம்ப், தரை விவரம் உள்ளே

ஆர்எம்நகர்_கராஜ்:

வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் 30×40 அடி மனை வீடு. தரைத்தளத்தில் ரோலிங் ஷட்டர் வைத்த கராஜ், உள்ளளவு 14 அடி அகலம், 24 அடி நீளம். தரையிலிருந்து மேல்தளத்தின் அடிவரை 10 அடி 6 அங்குலம். உள்சுவரிலிருந்து 12 அடி தள்ளிக் குறுக்கே ஒரு பீம் ஓடுகிறது, அதன் அடி 9 அடி 3 அங்குலம்.

வண்டிகள்: ஸ்விஃப்ட், இன்னோவா கிரிஸ்டா. ஆயில், பிரேக், சஸ்பென்ஷன் வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளத்தான். பார்த்து வைத்திருப்பது 4 டன் டூ போஸ்ட் லிஃப்ட் (இரண்டு தூண்களின் கைகளால் காரைத் தூக்குவது), தரைத்தகடு வகை. தூண் உயரம் 2,850 மி.மீ., மொத்த அகலம் 3,400 மி.மீ., தூக்கும் உயரம் 1,800 மி.மீ., மோட்டார் 2.2 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ்.

தரையில் பார்க்கிங் டைல்ஸ். அடியில் "நாலு இன்ச் பெட்" என்கிறார் மேஸ்திரி. ஷட்டரை ஒட்டி வலது மூலையில் 6×6 அடி சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), 7 அடி ஆழம், சாலிட் பிளாக் சுவர். விற்பவர் டைல்ஸ் மேலேயே ஆங்கர் (தரையில் துளையிட்டு இறுக்கும் போல்ட்) போட்டு ஒரே நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? தரையை உடைத்துத்தான் ஆகவேண்டும் என்றால் எவ்வளவு ஆழம், என்ன கம்பி, எத்தனை மூட்டை?

கான்கிரீட்_கணக்கு:

டைல்ஸ் மேல் ஆங்கர் கூடவே கூடாது. காரணத்தைக் கணக்காகவே பாருங்கள்.

2 டன் வண்டி என்றால் தூணுக்கு 1,000 கிலோ. ஆனால் அந்த எடை தூணின் தலையில் நேராக இறங்குவதில்லை. வண்டியின் சில் (கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டம்) ஓரத்தில், தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டின் உள்விளிம்பிலிருந்து சுமார் 60 செ.மீ. தள்ளி இறங்குகிறது. 1,000 × 0.6 = 600 கிலோ-மீட்டர் திருப்புவிசை. தூண் உள்பக்கமாகச் சாயப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்துவது வெளிப்பக்க ஆங்கர் வரிசை. அந்த வரிசை உள்விளிம்பிலிருந்து 35 செ.மீ. தூரத்தில் இருந்தால் 600 ÷ 0.35, ஏறக்குறைய 1,700 கிலோ மேல்நோக்கிய இழுவிசை. இரண்டு ஆங்கர் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றிலும் 850 கிலோ. லிஃப்ட்டின் முழுத் திறனான 4 டன் ஏற்றினால் இது இரட்டிப்பு. இரு தூண்களுக்கும் நடுவில் உள்ள தரைத்தகடு பெரும்பாலும் கேபிளையும் ஹோஸையும் மூடத்தான், அது இந்த விசையில் பங்கெடுக்காது.

இனி உங்கள் தரை. பெங்களூரு வீடுகளில் பார்க்கிங்குக்குப் போடும் "பெட்" பெரும்பாலும் 1:4:8 (சிமென்ட்:மணல்:ஜல்லி) கலவை, 40 மி.மீ. ஜல்லி. அதன் மேல் மணல்-சிமென்ட் சாந்து, அதற்கும் மேல் டைல். ஆங்கரின் நீளத்தில் பாதி டைலுக்கும் சாந்துக்குமே போய்விடும். மிச்சம் இறங்குவது சுத்தியலால் தட்டினால் உதிரும் கலவையில். இழுவிசை வரும்போது ஆங்கர் தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கூம்பு வடிவத்தில் பெயர்த்துக்கொண்டு மேலே வரும்.

முதலில் 12 மி.மீ. டிரில் பிட்டால் ஓரமாக இரண்டு இடத்தில் துளையிட்டுப் பாருங்கள். தூளின் நிறம் எங்கே மாறுகிறது, எந்த ஆழத்தில் செம்மண் வருகிறது என்று ஒரு கம்பியை விட்டு அளந்தால் "நாலு இன்ச்" உண்மையா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

டூ போஸ்ட்தான் என்று முடிவெடுத்தால் இரண்டு தூணுக்கும் சேர்த்து ஒரே பாளம் போடுங்கள்: 4.0 மீ. × 1.5 மீ. × 200 மி.மீ. தனித்தனியாக இரண்டு குழி தோண்டிக் கட்டை போடுவது தவறு. மேலே சொன்ன திருப்புவிசையில் ஒவ்வொரு கட்டையும் தனியாகச் சாயும், ஒரே பாளமாக இருந்தால் இரண்டு பக்கத் திருப்புவிசையும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். அடியில் திம்மிசு போட்ட மண், 100 மி.மீ. 1:4:8, அதன் மேல் தடித்த பாலித்தீன் விரிப்பு. மேலும் கீழும் 10 மி.மீ. கம்பி, இரு திசையிலும் 150 மி.மீ. இடைவெளி. கணக்குப் போட்டால் 162 மீட்டர் வரும், 100 கிலோ. வெட்டுச் சேதம் சேர்த்து 12 மீட்டர் கம்பி 15 வாங்குங்கள். கவர் பிளாக் (கம்பியைக் கான்கிரீட் ஓரத்திலிருந்து தள்ளி நிறுத்தும் கட்டை) கீழே 50 மி.மீ., மேலே 40 மி.மீ.

கான்கிரீட் எம்25 (எண் கூடினால் பலம் கூடிய தரம்). அளவு 1.2 கன மீட்டர்தான் என்பதால் ரெடிமிக்ஸ் வண்டி கட்டுப்படியாகாது, மிக்சர் போதும். 1:1:2 என்றால் சிமென்ட் 13 முதல் 14 மூட்டை, எம்-சாண்ட் 16 கன அடி, 20 மி.மீ. ஜல்லி 33 கன அடி. மூட்டைக்கு 22 லிட்டர் தண்ணீர், அதற்கு மேல் ஒரு குவளைகூட வேண்டாம். ஓடிப் பரவட்டும் என்று ஹோஸ் பைப்பைத் திறந்துவிடுவார்கள். அந்த இடத்தில்தான் எம்25 எம்15 ஆகிறது. வைப்ரேட்டர் கட்டாயம்.

கம்பி கட்டும்போதே பேஸ் பிளேட்டின் துளை அமைப்பை பிளைவுட்டில் எடுத்து மேலே வைத்துப் பாருங்கள். ஆங்கர் வரும் இடத்தில் கம்பி வந்தால் அப்போதே 3 செ.மீ. நகர்த்திவிடலாம். கான்கிரீட் இறுகிய பிறகு பிட் கம்பியில் மோதினால் துளையை நகர்த்த வழியில்லை.

மண்ணைப் பற்றிப் பயம் வேண்டாம். வண்டி, லிஃப்ட், பாளம் எல்லாம் சேர்த்து 5.5 டன், 6 சதுர மீட்டரில் இறங்குகிறது. சதுர மீட்டருக்கு ஒரு டன்கூட இல்லை. கவனிக்கவேண்டியது சம்ப். 7 அடி ஆழம் என்றால் 2.1 மீ. சம்பின் அடிமட்டத்திலிருந்து மேல்நோக்கி 45 பாகையில் கோடு இழுத்தால், அதற்கு உட்பட்ட சுமை எல்லாம் சம்ப் சுவரைப் பக்கவாட்டில் தள்ளும். பாளத்தின் அடி 30 செ.மீ. ஆழத்தில் இருப்பதால் சம்ப் சுவரிலிருந்து 1.8 மீ. விட்டாக வேண்டும். தூண்களை உள்சுவரிலிருந்து 2.7 மீட்டரில் வைத்தால் பாளம் 3.45 மீட்டரில் முடியும். சம்ப் சுவரின் வெளிமுகம் சுமார் 5.25 மீட்டரில் வரும். இடைவெளி சரியாக 1.8. ஒரு சாண்கூட ஷட்டர் பக்கம் நகர்த்தக் கூடாது. கம்பி இல்லாத சாலிட் பிளாக் சுவர் உள்பக்கம் தண்ணீர் நிறைந்திருக்கும்போது தாக்குப்பிடிக்கும். சுத்தம் செய்ய சம்பைக் காலி செய்யும் நாளில்தான் சுவருக்குச் சோதனை.

ஜேசிரோடு_ஸ்பேனர்:

தரைக்கணக்கு எல்லாம் சரிங்க. ஆனா அண்ணன் மேலே அண்ணாந்து பார்க்கலை. சார், உங்க பீம்தான் இங்க முடிவு சொல்லுது.

9 அடி 3 அங்குலம்னா 2.82 மீட்டர். இன்னோவா உயரம் 1.8 மீட்டர். கூரைக்கும் பீமுக்கும் ஒரு கை இடைவெளி, 10 செ.மீ. விட்டுட்டா மிச்சம் 92 செ.மீ. ஸ்விஃப்ட் 1.53 மீட்டர் உயரம், அதுக்கு 1.19 மீட்டர். பீமுக்கு உள்பக்கமா நிறுத்திக்கலாம்னா சுவரிலிருந்து பீம் வரைக்கும் 3.66 மீட்டர்தான், ஸ்விஃப்ட்டே 3.8 மீட்டருக்கு மேல நீளம். எப்படி நிறுத்தினாலும் கூரை பீமுக்கு அடியில வரும். பீமைக் குடையற பேச்சே கூடாது, மேல் வீடு அது மேல நிக்குது.

அப்போ 1.8 மீட்டர் தூக்கற லிஃப்ட் வாங்கி, தரையை உடைச்சு, கான்கிரீட் இறுக 28 நாள் காத்திருந்து, இன்னோவாவை இடுப்பு உயரம்கூட சரியா தூக்க முடியாது. அந்த 92 செ.மீ.க்கு மிட்-ரைஸ் சிசர் லிஃப்ட் (கத்தரி மாதிரி மடியற கால் மேல இரண்டு மேடை, பாதி உயரம் தூக்கறது) போதும். 3 டன், தூக்கற உயரம் சுமார் 1 மீட்டர், மடிஞ்ச நிலையில 110 மி.மீ. உயரம். நாலு சக்கரமும் தொங்கும். பிரேக், சஸ்பென்ஷன், ஆயில் எல்லாம் உருளும் ஸ்டூல்ல உட்கார்ந்து பார்க்கலாம். கியர்பாக்ஸ் இறக்கணும்னா நடுவில் குறுக்குச் சட்டம் இல்லாத, இரண்டு மேடையும் தனித்தனியா நிக்கற வகையைக் கேளுங்க. எல்லா சிசரும் அப்படி வராது, நேரில் போய் அடியில குனிஞ்சு பாருங்க.

இன்னொரு விஷயம். சிசர்ல நிறைய மாடலுக்கு, தூக்கின மேடையைத் தாங்கற லாக்கை விடுவிக்க காத்து வேணும், 6 முதல் 8 பார். சின்ன கம்ப்ரஸர் இல்லைன்னா தூக்கின வண்டியை இறக்க முடியாம நிப்பீங்க. வாங்கறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

ஆர்எம்நகர்_கராஜ்:

பீமை வண்டி நீளத்தோடு வைத்துக் கணக்குப் பார்க்கவில்லை. நன்றி அண்ணா. இன்று இரண்டு இடத்தில் துளையிட்டேன்: டைல் 25 மி.மீ., சாந்து 40 மி.மீ., அதற்கடியில் பெட் ஓரிடத்தில் 90, இன்னொரு இடத்தில் 70. தூள் சாம்பல் நிறத்தில் ஆரம்பித்துச் சீக்கிரமே மண் நிறமாகிவிட்டது.

சிசர் என்றால் இந்தத் தரை போதுமா? தெரிந்தவர் ஒருவர் கெமிக்கல் ஆங்கர் போட்டால் எந்தத் தரையும் பிடிக்கும் என்கிறார். மின்சாரத்துக்கு இப்போது 3 கிலோவாட் அனுமதிச் சுமை, சிங்கிள் ஃபேஸ். மீட்டரிலிருந்து கராஜுக்கு வயர் 20 மீட்டர் ஓடவேண்டும்.

கான்கிரீட்_கணக்கு:

பீமை நான் விட்டது தவறுதான், ஸ்பேனர் சொன்னது சரி.

கெமிக்கல் ஆங்கரில் பசை வலுவாக இருக்கும், ஆனால் பசை எதைப் பிடித்திருக்கிறதோ அதன் பலம்தான் கடைசிப் பலம். 70 மி.மீ. 1:4:8 பெட்டில் எந்தப் பசையும் கூம்பு பெயர்வதைத் தடுக்காது. நல்ல கான்கிரீட்டில், ஓரத்துக்குப் பக்கமாகத் துளை வரும்போது கெமிக்கல் உண்மையிலேயே மேல். இறுக்கும்போது விரியும் ஆப்பு ஆங்கரைப்போலப் பக்கவாட்டில் பிளக்காது. அங்கேயும் துளையை ஊதி, கம்பிப் பிரஷ் போட்டு, மறுபடி ஊதித் தூசி முழுக்கப் போன பிறகுதான் பசை இறக்கவேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைத்தான் பிடிக்கும்.

சிசரில் நிலைமை எளிது. எடை நேராகக் கீழே அழுத்துகிறது, ஆங்கர்கள் மேடை நகராமல் பிடித்தால் போதும். ஆனாலும் டைலின் மேல் வைக்காதீர்கள். சாந்துக்கும் டைலுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும் இடத்தில் டைல் விரியும், ஒரு மேடை 4 மி.மீ. இறங்கும், வண்டி மேலே போனதும் அந்த 4 மி.மீ. சாய்வாகத் தெரியும். மேடைகள் வரும் 2.4 × 2.4 மீட்டர் பகுதியில் டைல், சாந்து, பெட் மூன்றையும் எடுத்துவிட்டு 150 மி.மீ. எம்20 போடுங்கள், 8 மி.மீ. கம்பி 150 இடைவெளியில் ஒரே வலை. 0.86 கன மீட்டர், 1:1.5:3 கலவையில் 7 மூட்டை. மேல்மட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. ரசமட்டக் கட்டையை நம்பாமல் டியூப் லெவலில் நாலு மூலையும் பாருங்கள். வாசல் பக்கம் தண்ணீர் ஓடட்டும் என்று மேஸ்திரி வழக்கமாக வாட்டம் கொடுப்பார். இந்தப் பகுதிக்கு வாட்டம் வேண்டாம் என்று கான்கிரீட் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம்_ஃபேஸ்:

மின்சாரம் பற்றி.

2.2 கிலோவாட் சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது 13 முதல் 15 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் கணத்தில் ஐந்து மடங்குக்கு மேல், 75 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் அந்தக் கணத்தில் 22 வோல்ட் வயரிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. என்றால் 14 வோல்ட். மோட்டாரின் முறுக்குவிசை வோல்ட்டேஜின் இருமடியைப் பொறுத்தது: 230 வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் விசை கால்பங்கு குறைகிறது. மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தால், காலையில் இன்னோவாவைத் தூக்கிய அதே லிஃப்ட் மாலையில் முனகிக்கொண்டு நிற்கும். ஆயிலையும் பம்ப்பையும் சந்தேகிக்கும் முன் பவர் பேக் (மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த பெட்டி) டெர்மினலில், மோட்டார் ஓடும்போது, மீட்டர் வைத்துப் பாருங்கள்.

ஆகவே 4 சதுர மி.மீ. தனி வயர், நேராக டிபியிலிருந்து (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டி). 20 ஆம்பியர் சி-கர்வ் எம்சிபி (மோட்டார் கிளம்பும் கணத்து மின்னோட்டத்தைத் தாங்கும் வகை பிரேக்கர்). கிளம்பும்போதே விழுந்தால் 25 ஆம்பியருக்கு மாற்றுங்கள், 4 சதுர மி.மீ. அதைத் தாங்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிப்பது), தனி எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. 3 கிலோவாட் அனுமதியில் கீசரும் லிஃப்ட்டும் சேர்ந்து ஓட முடியாது, பெஸ்காமில் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) சுமையை உயர்த்த விண்ணப்பித்துவிடுங்கள். த்ரீ ஃபேஸ் வாங்கினால் லிஃப்ட்டையும் த்ரீ ஃபேஸாகவே எடுங்கள், கிளம்புவது மென்மையாக இருக்கும். அதில் முதல்முறை பொத்தானை ஒரு விநாடி மட்டும் அழுத்துங்கள். மோட்டார் ஓடியும் மேடை அசையவில்லை என்றால் சுழற்சி தலைகீழ். ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிக் கட்டினால் சரியாகிவிடும். தலைகீழாக ஓடவிட்டால் பம்ப் ஆயிலில்லாமல் தேயும்.

காசு வாங்கிக்கொண்டு பிறர் வண்டியை ஏற்றுவதாக இருந்தால் வணிக மின் இணைப்பும் மாநகராட்சியின் வணிக உரிமமும் வேண்டும்.

ஜேசிரோடு_ஸ்பேனர்:

பொருத்தும் போது கவனிக்க வேண்டியது.

ஆயில்: ஹைட்ராலிக் ஆயில் 46 கிரேடு, கையேட்டில் 32 போட்டிருந்தா 32. சர்வோ சிஸ்டம் 46 எங்கயும் கிடைக்கும். எத்தனை லிட்டர்னு கையேடு சொல்லும், மேடை முழுக்க இறங்கின நிலையில ஊத்துங்க. தூக்கி வெச்சு டேங்கை நிரப்பினா இறக்கும்போது பொங்கி வழியும். இன்ஜின் ஆயில் வேண்டாம். பிரேக் ஆயில் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, சிலிண்டர் சீல் எல்லாம் உப்பிப் போயிடும்.

வண்டி இல்லாம ஏழெட்டு தடவை முழுசா ஏத்தி இறக்குங்க. முதல்ல குலுங்கிக் குலுங்கிப் போகும், அது உள்ளே இருக்கற காத்து. டேங்க்ல நுரை அடங்கினதுக்கு அப்புறம் இரண்டு மேடையும் சமமா வருதான்னு டேப் வெச்சு அளங்க. வித்தியாசம் இருந்தா சமன்செய்யற வால்வை கையேட்டுல சொன்ன வரிசையில் திறந்து மூடுங்க. ரிலீஃப் வால்வு (அழுத்தம் மிஞ்சினா திறக்கறது) ஸ்க்ரூவை மட்டும் தொடாதீங்க, அது கம்பெனியில் அமைச்சது.

லாக் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்க. இரண்டு பக்கமும் ஒரே "டக்" ஆ விழணும். "டக்… டக்"னு தனித்தனியா கேட்டா ஒரு பக்கம் பின்தங்குது. வேலைக்குக் கீழ போறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஏத்தி, இறக்கும் கைப்பிடியைத் தட்டி, லாக் மேல உட்கார வெச்சிடணும். ஹைட்ராலிக்கை நம்பி அடியில போகவே கூடாது. ஒரு ஹோஸ் விட்டா போச்சு.

ஆங்கர் துளைக்கு எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர், ஆங்கர் விட்டம் எதுவோ அதே பிட். ஆங்கர் நீளத்தைவிட 15 மி.மீ. ஆழமா போடுங்க, தூள் தங்க இடம் வேணும். டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டற ஸ்பேனர்)தான் போடணும், இம்பாக்ட் கன் வேண்டாம். டார்க் ஏறாம நட்டு சுத்திக்கிட்டே இருந்தா அந்தத் துளை போச்சுன்னு அர்த்தம், அதிலயே பெரிய ஆங்கரை அடிச்சு ஒப்பேத்தாதீங்க.

முதல் சுமைக்கு ஸ்விஃப்ட். சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் வந்ததும் நிறுத்தி, பம்பரைப் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ரப்பர் கட்டை சில்லில் இருக்கற இரண்டு வெட்டுக்குறிக்கு நடுவுல உட்காரணும், ரெண்டு விரல் தள்ளிப் போனாலும் தகடு மடியும். இன்னோவா சேசிஸ் வண்டி, அதுக்கு உயரமான கட்டை வெச்சு சேசிஸ் சட்டத்துல தாங்குங்க, பாடி சில்லில் வேண்டாம். முன்பக்க இன்ஜினை இறக்கற வேலை வந்தா எடை பின்னாடி சாயும். இன்ஜினைக் கழட்டறதுக்கு முன்னாடியே பின்னால இரண்டு ஸ்டாண்டு முட்டுக் கொடுங்க, கழட்டினதுக்கு அப்புறம் தேட நேரம் இருக்காது.

பீம் ஓரமா, வண்டி உயரத்தைக் கழிச்சு, சுவரில் இரண்டு கோடு பெயின்ட்டில் போட்டுடுங்க, ஒண்ணு இன்னோவா, ஒண்ணு ஸ்விஃப்ட். டிக்கி கதவு திறந்திருக்கும்போது ஏத்தாதீங்க.

ஆர்எம்நகர்_கராஜ்:

சிசர்தான் என்று முடிவு. கடைசியாக இரண்டு சந்தேகம். மேடையைத் தரைக்குள் 110 மி.மீ. பதித்து, தரையோடு சமமாக வைத்தால் மற்ற நேரத்தில் வண்டி நிறுத்த வசதியாக இருக்குமே? கான்கிரீட் போட்ட பிறகு எத்தனை நாளில் வண்டி ஏற்றலாம்?

கான்கிரீட்_கணக்கு:

பதிக்காதீர்கள். அந்தக் குழி ஷட்டரை நோக்கிய தரையைவிடத் தாழ்வாக இருக்கும். மழைக்கால இரவில் அடித்து வரும் தண்ணீரும், வண்டி கழுவும் தண்ணீரும் அங்கேதான் போய்த் தேங்கும். பின்னும் புஷ்ஷும் துருப்பிடிக்கும், ஹோஸ் முனைகள் உப்புப் பூக்கும். பதித்தே ஆகவேண்டும் என்றால் குழியிலிருந்து வடிகால் குழாய் வேண்டும், உங்கள் கராஜில் அதை இறக்கத் தாழ்வான இடம் சம்ப் மூலை ஒன்றுதான். ஆயில் கலந்த தண்ணீரை அந்தப் பக்கம் விடவே முடியாது. தரைமேல் வைத்து இரண்டு பக்கமும் சரிவுப்பலகை போடுங்கள். ஸ்விஃப்ட்டின் தரை இடைவெளி 163 மி.மீ., 110 மி.மீ. மேடையைத் தாராளமாகத் தாண்டும்.

பிபிசி (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் 10 நாள் சாக்குப் போட்டு ஈரம் காயாமல் வையுங்கள். 14 நாளில் ஸ்விஃப்ட்டை நிறுத்திக்கொள்ளலாம். ஆங்கர் துளை 28ஆம் நாளுக்குப் பிறகு. லிஃப்ட் டெலிவரியையும் அந்த வாரத்துக்கே கேளுங்கள். முன்னதாக வந்து நின்றால் பொருத்துபவர் அவசரப்படுத்துவார்.